பிரசவம் அங்கேயா, பெங்களூரிலா? வெளிநாட்டில் இருக்கும் நம் பெண்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் பிரசவ வார்டில் 28 வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். என் பெரிய மகள் துபாயிலிருந்து வந்து இங்கே பெற்றாள். சின்னவள் அமெரிக்காவிலேயே பெற்றாள், நான் போய் நான்கு மாதம் கூட இருந்தேன். இரண்டையும் பார்த்தவள் என்பதால் அல்சூர், ஃப்ரேசர் டவுன், ராமமூர்த்தி நகர் என்று தெரிந்தவர்கள் வீட்டுப் பெண்களெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். போனில் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். விசா, குடியுரிமை விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்ட்டி, நான் துபாய்ல இருக்கேன், மூணாவது மாசம். அங்க வந்து பெத்துக்கவா, இங்கயே இருந்துடவா?

முதலில் ஒன்று கேட்கிறேன். குழந்தை பிறந்து பத்தாம் நாள், இரவு இரண்டு மணி. குழந்தை அழுகிறது, உனக்குத் தையல் வலிக்கிறது. அந்த நேரத்தில் எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளப்போவது யார்? அங்கே அந்த ஆள் இருந்தால் அங்கேயே பெற்றுக்கொள். இங்கேதான் இருக்கிறார் என்றால் இங்கே வா. ஆஸ்பத்திரி, காப்பீடு, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் இதற்கு அடுத்துத்தான் பார்ப்பேன்.

இன்னொன்று, முடிவை 20ஆவது வாரத்துக்குள் எடுத்துவிடு. அந்தச் சமயத்தில்தான் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் பெரிய ஸ்கேன் எடுப்பார்கள். அதில் எல்லாம் சரி என்று தெரிந்தபின் ஊரை முடிவு செய்து, பிறகு மாற்றாதே. நான் பார்த்த கஷ்டங்களில் பாதி, கடைசி மாதம் வரை இரண்டு ஊருக்கும் நடுவில் ஊசலாடியவர்களுக்கு வந்தவை.

எத்தனாவது மாசம் வரைக்கும் ஃப்ளைட்ல விடுவாங்க?

விமானக் கம்பெனிகள் மாதத்தை எண்ணுவதில்லை, வாரத்தைத்தான் எண்ணும். பெரும்பாலானவை 28 வாரம் வரை எதுவும் கேட்காது. அதன்பிறகு டாக்டர் கடிதம் வேண்டும். ஒற்றைக் குழந்தையானால் 36 வாரத்துக்கு மேல் ஏற்றமாட்டார்கள், இரட்டையென்றால் 32. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வித்தியாசப்படும். கடிதம் எத்தனை நாளுக்குள் எழுதியதாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நம் வீடுகளில் இங்கேதான் கணக்கு தப்புகிறது. 28 வாரம் என்பது ஏழாம் மாதம் நடக்கும் காலம். 36 வாரத்தில் ஒன்பதாம் மாதம் ஓடிக்கொண்டிருக்கும். "ஒன்பதாம் மாசம் வளைகாப்பு முடிச்சுட்டு அம்மா வீட்டுக்கு வரட்டும்" என்று மாமியார் சொல்வது சேலத்திலிருந்து பெங்களூருக்கு வர ஒத்துவரும். சிகாகோவிலிருந்து வருபவளுக்கு அது ஆகாது. ஏழாம் மாதத்திலேயே வளையல் அடுக்கிவிடுங்கள். என்னைக் கேட்டால் 28க்கும் 32க்கும் இடையில் வந்து சேர்வதுதான் நல்லது. இங்குள்ள டாக்டர் உங்களை நாலைந்து முறையாவது பார்த்திருக்கவேண்டும்.

விமானத்தில் ஓரத்து சீட் வாங்குங்கள். கர்ப்ப காலத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், நீண்ட பயணம் அதை இன்னும் கூட்டும். மணிக்கொருமுறை எழுந்து நடங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். டாக்டரைக் கேட்டு இறுக்கமான கால் உறை போட்டுக்கொள்ளலாம். சீட் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, தொடைக்கு மேலே கட்டவேண்டும்.

ரிப்போர்ட் எல்லாம் போன்ல இருக்கு. அது போதாதா?

போதாது. வளைகுடாவிலிருந்து வந்த ஒரு பெண் நடுராத்திரி பனிக்குடம் உடைந்து எங்கள் வார்டுக்கு வந்தாள். ரிப்போர்ட் எல்லாம் போனில். போனில் சார்ஜ் இல்லை, பாஸ்வேர்டு அவளுக்குத்தான் தெரியும், அவளோ வலியில் பேசும் நிலையில் இல்லை. ரத்தப் பிரிவிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்தோம். அவள் ரத்தம் நெகட்டிவ் வகை, அந்த வகைக்குப் போடவேண்டிய ஆன்டி-டி ஊசி ஏற்கெனவே போட்டார்களா என்பது விடியும்வரை தெரியவில்லை.

ஆகவே ஒரு ஃபைலில் காகிதமாக எடுத்து வாருங்கள். ரத்தப் பிரிவு, முதல் மூன்று மாத ஸ்கேன், 20 வார ஸ்கேன், 24 முதல் 28 வாரத்துக்குள் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை, தைராய்டு, ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை பி பரிசோதனை, போட்ட ஊசிகளின் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் அந்த ஆபரேஷன் குறிப்பு கட்டாயம் வேண்டும். கர்ப்பப்பையை எந்தப் பக்கமாக வெட்டினார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்தது சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று டாக்டர் சொல்வார். நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்களுக்கு 28ஆவது வாரம் ஒரு ஊசி, குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. 28 வாரம் பயணத்தோடு மோதும். எந்த ஊரில் போடுவது என்று முன்பே பேசி வையுங்கள்.

இங்க டாக்டரே என்ன குழந்தைன்னு சொல்லிட்டாங்க. பெங்களூர்ல அது தப்பாயிடுமா?

அங்கே தெரிந்துகொண்டது தப்பில்லை. இங்கே ஸ்கேன் எடுக்கும்போது அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலினத்தைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்பி உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். "சரியாத்தான் சொன்னாங்களான்னு ஒரு தடவை பாருங்களேன்" என்று விளையாட்டாகக் கேட்டாலும் டாக்டருக்குத்தான் சங்கடம்.

இந்தியாவுல எல்லாருக்கும் கத்தி வெச்சுடறாங்களாமே?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 21.5 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். கர்நாடகத்தில் 31.5, தமிழ்நாட்டில் 44.9. நாடு முழுக்கத் தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் 47.4. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஏறக்குறைய எல்லாரும் போவது தனியாருக்குத்தான்.

ஆனாலும் ஊரைவிட ஆஸ்பத்திரியும் டாக்டரும்தான் இதைத் தீர்மானிக்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "உங்களிடம் முதல் பிரசவத்துக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு சிசேரியன் ஆகிறது? வலி வந்தபின் நீங்களே இருப்பீர்களா? நாள் தாண்டினால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்?" கேட்டதும் முகம் சுளிக்கும் டாக்டரை விட்டுவிடுங்கள். அதே சமயம், குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கும்போது டாக்டர் கத்தியை எடுத்தால் அதைத் தோல்வி என்று நினைக்கவேண்டாம். அந்த ஆபரேஷனால் உயிரோடு கையில் வந்த குழந்தைகளை நான் துடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா என்ன ஆன்ட்டி பண்றது?

பேருக்காக ஊரின் மறுகோடியில் பதிவு செய்யாதீர்கள். அம்மா வீடு ராமமூர்த்தி நகரில், ஆஸ்பத்திரி பன்னேர்கட்டா ரோட்டில் என்றால், மாலை ஆறு மணிக்கு சில்க் போர்டு சிக்னலைத் தாண்டும் கதியை யோசித்துப் பாருங்கள். சாயங்கால நெரிசலிலும் முக்கால் மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடமாகப் பாருங்கள். இரவிலும் மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, ரத்த வங்கி உண்டா, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளேயே இருக்கிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். அவசரத்துக்கு 108.

செலவு எங்க கம்மி?

வெறும் பில்லைப் பார்த்தால் இங்கேதான் குறைவு. யார் கட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். அங்கே உங்கள் கம்பெனி காப்பீடு பிரசவத்தை ஏற்றுக்கொண்டால் கையிலிருந்து போவது கொஞ்சம்தான். அதே காப்பீடு பெங்களூர் ஆஸ்பத்திரிக்குச் செல்லாமல் போகலாம். இங்கே புதிதாகப் பாலிசி எடுத்துப் பிரசவச் செலவை வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலான பாலிசிகளில் பிரசவத்துக்கு இரண்டு மூன்று வருடம் காத்திருக்கவேண்டும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் வருடத்துக்கு அதிகபட்சம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை எவ்வளவு என்று பாலிசியில் பாருங்கள். கர்ப்பம் ஒரு வருடத்தில் தொடங்கி அடுத்த வருடத்தில் முடிந்தால் அந்தத் தொகை இரண்டு முறை வரும். பிறந்த குழந்தையை 30 நாளுக்குள் கம்பெனிக் காப்பீட்டில் சேர்க்கவேண்டும், மறந்தால் பெரிய இடி. எந்த ஊரானாலும், குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். அதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை.

நான் வேலைக்குப் போறேன். லீவுல வந்துட்டுப் போயிட முடியுமா?

எண்ணிப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் வேலையில் பிரசவ விடுப்பு 60 நாள், 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதி. நீங்கள் 32ஆம் வாரம் இங்கே வந்தால், 40ஆம் வாரம் குழந்தை பிறப்பதற்குள் 56 நாள் போய்விடும். என் பெரியவள் ஆண்டு விடுப்பையும் சம்பளமில்லா விடுப்பையும் ஒட்டவைத்துத்தான் சமாளித்தாள். சிங்கப்பூரில் குழந்தை அந்நாட்டுக் குடியுரிமை பெறாவிட்டால் 12 வாரம். அமெரிக்காவில் மத்தியச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல், அதே இடத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தவர்களுக்கு, 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் கம்பெனிகளில். வேலைக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்றால், அம்மா அங்கே வருவதுதான் நடக்கக்கூடியது.

அமெரிக்காவுல பொறந்தா சிட்டிசன். அதை விட்டுட்டு வர்றது முட்டாள்தனம்னு என் மாமனார் சொல்றார்.

நாட்டுக்கு நாடு இது வேறு. கனடாவில் அங்கே பிறந்தாலே குடியுரிமை. அமெரிக்காவில் அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தத்தின்படி அப்படித்தான் இருந்துவந்தது. 2025 ஜனவரியில், தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு அதை நிறுத்தும் நிர்வாக ஆணை வந்து, நீதிமன்றங்கள் தடுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் அன்றைய நிலையை வக்கீலிடம் கேட்டபின் முடிவெடுங்கள். பிரிட்டனில் 1983 முதலும் ஆஸ்திரேலியாவில் 1986 ஆகஸ்டு முதலும் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவராகவோ இருக்கவேண்டும். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அங்கே பிறப்பதால் மட்டும் குடியுரிமை கிடைக்காது.

ஆகவே துபாய்ப் பெண்ணுக்கும் சிங்கப்பூரில் வேலை விசாவில் இருப்பவளுக்கும் பாஸ்போர்ட் கவலையே வேண்டாம், எங்கே பிறந்தாலும் குழந்தை இந்தியன்தான். உண்மையாக யோசிக்கவேண்டியவர்கள் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நிரந்தர அனுமதி வாங்கி, இந்தியப் பாஸ்போர்ட்டை இன்னும் மாற்றாதவர்கள். அங்கே பெற்றால் குழந்தை பிறந்தவுடன் அந்நாட்டுக் குடிமகன். பெங்களூரில் பெற்றால் இந்தியக் குடிமகன், திரும்பிப் போகக் குழந்தைக்குத் தனியாக விசா போட்டுக் காத்திருக்கவேண்டும். இந்த ஒரு நிலையில் மட்டும் உங்கள் மாமனார் பேச்சுக்குக் கனம் உண்டு. ஆனாலும் தனியாக இருந்து தவித்துப்போகும் ஒரு பெண்ணைப் பாஸ்போர்ட்டுக்காக அங்கேயே இருக்கச் சொல்லமாட்டேன்.

இந்தியாவுல பொறந்தா இந்தியன்தானே, அதுல என்ன சந்தேகம்?

2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவர்களுக்கு அவ்வளவு எளிதில்லை. பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்களாக இருக்கவேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்கவேண்டும். கணவன் மனைவி இருவருமே பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு மாறிவிட்டார்கள் என்றால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் இங்கே பிறக்கும் குழந்தை இந்தியன் ஆகாது. அந்தக் குழந்தைக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுத்து, வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் அனுமதி வாங்கித்தான் கூட்டிப்போக முடியும்.

அங்கேயே பெத்துட்டு இந்தியன் பாஸ்போர்ட் எடுக்கலாமா?

எடுக்கலாம். பிறந்த ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று உறுதிமொழியும் கொடுக்கவேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி கேட்டு அலையவேண்டும். இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ள இந்தியச் சட்டம் இடம் தராது. குழந்தைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்தால் இங்கே வந்துபோக விசாவோ ஓசிஐயோ எடுக்கவேண்டும். ஓசிஐ என்பது குடியுரிமை இல்லை. ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது.

எங்களுக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. பிறப்புச் சான்றிதழ்ல பேரை எப்படிப் போடறது?

இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்கவேண்டியது இது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியைக் காட்டப் பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்கும் ஒரே ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் பாஸ்போர்ட், விசா எல்லாம் நின்றுவிடும். பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். குழந்தைப் பெயரைக் காலியாக விட்டு 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பெயரில்லாமல் பாஸ்போர்ட் கிடையாது. திரும்பிப் போகவேண்டியவர்கள் பிரசவத்துக்குப் போகும் முன்பே பெயரை முடிவு செய்து, ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஃபைலில் வையுங்கள். தொட்டில் போட்டுக் காதில் பெயர் சொல்வதை அதன் நாளிலேயே செய்துகொள்ளலாம்.

கர்நாடகத்தில் சான்றிதழ் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். இப்போதைய கன்னடத்தில் ழ எழுத்து புழக்கத்தில் இல்லை. என் பேத்தி பெயரில் ழ உண்டு. கவுண்டரில் இருந்தவர் அதைக் கன்னடத்தில் ள என்று எழுதினார், அது சரிதான். பிறகு கன்னடத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒற்றை 'எல்' என்று தட்டிவிட்டார். மகளின் விசாப் படிவங்களில் எல்லாம் 'இசட் எச்'. அந்த ஓர் எழுத்துக்காகக் கைக்குழந்தைக்காரி மூன்று முறை அந்த அலுவலகத்துக்குப் போனாள், நான் வெளியே மரத்தடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கயல்விழி, எழில், தமிழ் என்று பெயர் வைப்பவர்கள் ஆங்கில எழுத்தை ஆஸ்பத்திரிப் படிவத்திலேயே தெளிவாக எழுதி, அச்சிடும் முன் ஒருமுறை திரையில் காட்டச் சொல்லுங்கள்.

பெற்றோர் பெயர் அவரவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் 'செந்தில்குமார் முருகேசன்' என்றிருந்தால் சான்றிதழில் 'எம். செந்தில்குமார்' என்று வரக்கூடாது. குழந்தை பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், அப்பா பெயரை அதில் போடுங்கள். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிக்கமாட்டோம் என்று அறிவித்தபோது தவித்தவர்களில் நம் ஊர் அம்மாக்கள் நிறைய பேர்.

குழந்தையோட எத்தனை நாள்ல திரும்பிப் போகலாம்?

குழந்தை பிறந்து ஓரிரு வாரத்திலேயே பல விமானங்களில் ஏற்றுவார்கள். காகிதங்கள்தான் அவ்வளவு சீக்கிரம் வராது. சான்றிதழ், அதை வைத்துப் பாஸ்போர்ட், அதை வைத்து விசா என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். குழந்தை பாஸ்போர்ட்டுக்கு இருவர் சம்மதமும் வேண்டும். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பவேண்டும். அவர் பிரசவத்துக்கு வரும்போதே கையெழுத்து வேலையை முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் மையத்துக்குக் கைக்குழந்தையோடு போனால் சாப்பிட்ட கையோடு போங்கள், காத்திருப்பு நீளலாம்.

அமீரகத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வெளியே இருந்தால் சாதாரணக் குடியிருப்பு விசா செல்லாமல் போகும். 28ஆம் வாரம் வந்தவளுக்குப் பிரசவம் வரை 12 வாரம், பிறகு கையில் இருப்பது மூன்று மாதம்தான். அங்கேயே பெற்றால் 120 நாளுக்குள் குழந்தைக்கு விசா எடுக்கவேண்டும், தாண்டினால் நாள் கணக்கில் அபராதம். ஹெச்-1பி குடும்பங்கள் குழந்தைக்கு ஹெச்-4 என்ற குடும்ப விசா வாங்கவேண்டும். 2025 ஜனவரியில் பெங்களூரில் அமெரிக்கத் துணைத்தூதரகம் திறந்தபோது விசா சேவை தொடங்கவில்லை, நம்மவர்கள் சென்னைக்கே போனார்கள்.

எனக்கு கிரீன் கார்டு இருக்கு. பெங்களூர்ல பெத்தா குழந்தைக்கு வருஷக்கணக்கா காத்திருக்கணுமா?

காத்திருக்கவேண்டாம், இது பலருக்குத் தெரியாது. கிரீன் கார்டு வைத்திருக்கும் தாய் தற்காலிகமாக வெளிநாடு போன இடத்தில் குழந்தை பிறந்தால், இரண்டு வயதுக்குள், குழந்தை பிறந்தபின் முதல்முறையாக அமெரிக்கா திரும்பும் பெற்றோருடன் வந்தால், குடியேற்ற விசா இல்லாமலே அனுமதிப்பார்கள். நடுவில் ஏதோ வேலை என்று தாய் தனியாக ஒருமுறை போய்வந்துவிட்டால் அந்த வாய்ப்பு சிக்கலாகும். பிறப்புச் சான்றிதழையும் குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு, ஏறும் முன் விமானக் கம்பெனிக்கும் இந்த விதியைச் சொல்லிவிடுங்கள். கவுண்டரில் இருப்பவர்களுக்கே இது சில சமயம் புதிதாக இருக்கும்.

தடுப்பூசி எந்த ஊர்க் கணக்குப்படி?

எங்கே வளரப்போகிறதோ அந்த ஊர் அட்டையைப் பின்பற்றுங்கள், போட்டதை எல்லாம் எழுதி வாங்குங்கள். இங்கே பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி ஊசி. பிறகு 6, 10, 14 வாரம். பிரிட்டனில் 8, 12, 16 வாரம், அமெரிக்காவில் 2, 4, 6 மாதம், அங்கே பிசிஜி வழக்கமில்லை. அங்கே பிறந்த குழந்தையை இங்கே கூட்டி வந்தால் பிசிஜி பற்றி இங்குள்ள குழந்தை டாக்டரைக் கேளுங்கள். இன்னொன்று, குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பிறவிக் குறைபாடுகளைப் பார்க்கும் பரிசோதனை அங்கே தானாகவே நடக்கும். இங்கே ஆஸ்பத்திரியைப் பொறுத்தது, நீங்களே கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

அம்மா இங்க வந்தா போதாதா? நாங்க ஏன் அலையணும்?

உடம்பும் விசாவும் ஒத்துழைத்தால் இதுதான் எனக்கும் பிடித்த வழி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வருகை விசாவில் வழக்கமாக ஆறு மாதம் இருக்கலாம். துபாயில் 30 அல்லது 60 நாள் விசா, பிரசவத் தேதிக்கு ரொம்ப முன்னால் வந்தால் குழந்தை வரும்போது அம்மா கிளம்பவேண்டிவரும். அம்மாவுக்குப் பயணக் காப்பீடு எடுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தை அது ஏற்குமா என்று படித்துப் பாருங்கள்.

என் சின்னவள் வீட்டுக்குப் போனபோது சுண்டைக்காய் வற்றல், கறிவேப்பிலைப் பொடி, சுக்கு, திப்பிலி, வீட்டில் கிளறிய லேகியம் எல்லாம் கொண்டுபோனேன். கருவாட்டை இங்கேயே விட்டுவிட்டேன். இறைச்சி, விதை வகைகளை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் விடமாட்டார்கள். எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டினேன், அடுத்த நிமிடம் அடுக்குமாடி முழுக்கத் தீ அலாரம் கூவியது, மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்றோடு சாம்பிராணியை நிறுத்தினேன். எப்படியும் பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்குப் புகை ஆகாது.

பத்தியத்தில் பூண்டுக் குழம்பும் ரசமும் தாராளமாகக் கொடுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். வசம்பு, தேன், உரை மருந்து எதுவும் வேண்டாம். இதை எத்தனையோ பாட்டிமார்களிடம் கைகூப்பிக் கேட்டிருக்கிறேன்.

அவருக்கு லீவு கிடைக்காது. நான் மட்டும் வந்து பெத்துட்டுப் போறேன், சரிதானே?

முடியும், நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் இருவரும் உட்கார்ந்து இதைப் பேசியிருக்கவேண்டும். லேபர் வார்டில் ஒரு பெண் வலிக்கு நடுவில் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. மறுமுனையில் கணவர், அங்கே வேலை நேரம், தாழ்ந்த குரலில் "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தை அழுதபோது ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை, பிறகு விம்மல் கேட்டது. அவர் குழந்தையை முதலில் கையில் வாங்கியபோது அதற்கு நான்கு மாதம், அவரைப் பார்த்து அழுதது.

அமீரகத்தில் அப்பாவுக்கு ஐந்து வேலை நாள் விடுப்பு உண்டு, குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். ஆண்டு விடுப்பை அதோடு சேர்த்தால் இரண்டு வாரமாவது வரமுடியும். பிரசவத் தேதி முன்பின் ஆகும், ஆகவே குழந்தை பிறந்தபின் வரச் சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். அப்போதுதான் பாஸ்போர்ட் கையெழுத்தும் ஆகும், இரவில் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கவும் ஆள் இருக்கும். வீட்டுக்குத் திரும்பிப் போனபின் அந்தப் பழக்கம் உதவும்.

இங்க திரும்பி வந்ததுக்கப்புறம் ரொம்ப அழுகையா வருது. அம்மா வீட்ல நல்லாத்தானே இருந்தேன்?

நாற்பது நாள் எல்லாரும் தாங்கிப் பிடித்த பெண், மூன்றாம் மாதம் திடீரென்று ஒரு ஃபிளாட்டில் குழந்தையோடு தனியாகிறாள். இங்கே பெற்றவர்களுக்கு வரும் பெரிய கஷ்டம் இது. திரும்பும்போது அம்மாவோ மாமியாரோ ஒரு மாதம் கூடப் போகமுடியுமா என்று முதலிலேயே பாருங்கள். முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம். அதைத் தாண்டியும் தூக்கமின்மை, பசியின்மை, குழந்தையிடம் ஒட்டாத மனது என்று தொடர்ந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. டாக்டரிடம் போனால் குணமாகும். "கண்ணு பட்டுடுச்சு" என்று சுற்றிப்போடுவதோடு நிறுத்தவேண்டாம், சுற்றிப்போட்டுவிட்டு டாக்டரிடமும் கூட்டிப்போங்கள்.

33 வாரம் ஆயிடுச்சு, ஷார்ஜால இருக்கேன், பிபி கொஞ்சம் ஏறியிருக்கு. இன்னும் முடிவே எடுக்கல. வந்துடட்டா?

வராதே கண்ணு, அங்கேயே இரு. பிபி ஏறியவளுக்கு விமானத்தில் நாலு மணி நேரம் என்பது டாக்டர் இல்லாத நாலு மணி நேரம். உன்னை ஆரம்பத்திலிருந்து பார்த்த டாக்டரிடம் நாளைக்கே போய், சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல். தாங்கமுடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் கை வீக்கம், இதில் ஒன்று வந்தாலும் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

பெங்களூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போடு. பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல், முன்பு எழுதியதுதான். விசாவை 60 நாளுக்குப் போடுங்கள், உன் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் வந்து இறங்கும்படி. லேகியம் கிளற எனக்கு இரண்டு நாள் போதும், வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்.